வரித்தண்டலர் வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில் வரித்தண்டலராகச் சேர்ந்து, இன்றும் வருவாய்ப் பிரிவிலேயே இருக்கிறேன். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, குரூப் 4-ல் வரித்தண்டலர் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. எடுக்கலாமா?

நடக்கத் தயார் என்றால் எடுங்கள், தம்பி. கேட்பு (அதாவது வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்ற மூன்று கணக்குகளை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். பிப்ரவரி, மார்ச் வந்தால் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட வேண்டும். ஆனால் வார்டு பழகிய பிறகு எந்த வீட்டில் மாடி எழும்புகிறது, எந்த வீடு கைமாறியது என்பதெல்லாம் பொறியாளருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தான்.

சொத்து வரி ஏறியதற்கு ஜனங்கள் நம்மைத்தானே திட்டுகிறார்கள்?

ஆமாம், வாசலில் நிற்பவர் நாம்தானே. 2022-ல் சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சி, நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1200 வரை 50%, 1800 வரை 75%, அதற்கு மேல் 100% உயர்ந்தது. அந்த ஆண்டு கேட்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை. பதிலுக்குக் குரலை உயர்த்தாதீர்கள். பதிவேட்டைத் திறந்து பரப்பளவு, மண்டலம், பயன்பாடு மூன்றையும் காட்டுங்கள். கோபத்துக்குக் காரணம் பல நேரம் அங்கேயே இருக்கும்: எப்போதோ மூடிய கடை இன்னமும் வணிகக் கட்டடமாகவே பதிவில் கிடக்கும். உடனே மனு எழுதச் சொல்லுங்கள். மறுஅளவுக்கு நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். தப்பான அளவுக்கு வரி கேட்பதை நான் வசூல் என்றே சொல்ல மாட்டேன்.

சார், வீட்டுக்கு வருபவரிடம் ரொக்கமாகக் கொடுக்கலாமா?

கையோடு ரசீது தந்தால் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கூடாது. இணையத்தில் கட்டினால் இன்னும் நிம்மதி. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

பட்டா இல்லை, வரி ரசீது என் பெயரில் இருக்கிறது. வீடு எனக்குச் சொந்தம்தானே?

இல்லைங்க. வரி கட்டியதற்குத்தான் ரசீது சான்று, உரிமைக்கு அல்ல.

உண்மையிலேயே கட்ட முடியாதவர்களை என்ன செய்வீர்கள்?

தள்ளுபடி செய்ய நமக்கு அதிகாரம் கிடையாது. தாமதத்துக்கு மாதம் 1% தனிவட்டி ஏறும். அதனால் பழைய அரையாண்டிலிருந்து தொடங்கி முடிந்ததைக் கட்டிக்கொண்டே வரச் சொல்வேன். லட்சக்கணக்கில் பாக்கி வைத்திருக்கும் வணிக வளாகத்தைத் தாண்டிப் போய், தனியாக இருக்கும் பாட்டியின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க நோட்டீஸ் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. புதிதாகச் சேருபவர்கள் நிலுவைப் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகை எங்கே இருக்கிறதோ, முதலில் அங்கே போங்கள்.

ரசீதில் நூலக வரி என்று தனியாக இருக்கிறதே, அது எங்கே போகிறது?

சொத்து வரி ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலகத்துக்காக வாங்கும் பணம் அது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. நகராட்சி அதை வாங்கி நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும்.