100-க்கு போன் பண்ணா விக்கிறவனே வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான், யாருகிட்டதான் சொல்றது?

வியாசர்பாடிலேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்க இருக்கிற ஹவுசிங் போர்டு பிளாக்ல காலைல ஆறு மணிக்கே குவாட்டர் கிடைக்குதாம், கீழ் வீட்ல ஒருத்தன் கஞ்சா பொட்டலமும் விக்கிறானாம், இப்ப புதுசா மாத்திரை வேற. பொறுக்க முடியாம 100-க்கு போன் பண்ணிருக்காங்க, பேட்ரோல் வண்டி வந்து ஒரு ரவுண்டு அடிச்சுட்டு போச்சு, சாயந்தரமே அந்த ஆளு மாடி ஏறி வந்து "அக்கா, நீங்கதான் போன் போட்டீங்களாமே"ன்னு சிரிச்சுட்டே கேட்டானாம். வீட்ல ஒம்பதாவது படிக்கிற பையன் இருக்கான். "இனிமே வாய மூடிட்டு இருக்கணுமா, இல்ல வேற வழி இருக்கா சார்"னு கேக்குறாங்க.

வழி இருக்கும்மா. ஆனா மொதல்ல உங்க பேரு எப்படி வெளிய போச்சுன்னு புரிஞ்சுக்கணும். 100-க்கு அடிச்சா உங்க நம்பர் கண்ட்ரோல் ரூம்ல விழும், அங்கேருந்து ஏரியா பேட்ரோல் வண்டிக்கு போகும், அவங்க இடம் தெரியலன்னா உங்களுக்கே திருப்பி கூப்புடுவாங்க. அடிதடி, ஆக்சிடெண்ட்னா இது நல்ல ஏற்பாடு, சீக்கிரம் வந்துடுவாங்க. ஆனா மாமூல் ஓடுற விஷயத்துக்கு இதே ஏற்பாடுதான் வினை, ஏன்னா உங்க நம்பர் போய் சேர்ற கையும் மாமூல் வந்து சேர்ற கையும் சில நேரம் ஒண்ணா இருக்கும். ஸ்டேஷன்ல எல்லாரும் வாங்குறாங்கன்னு நான் சொல்லல, நேர்மையா வேல பாக்குற ஏட்டு, எஸ்ஐ நிறைய பேரை கோர்ட்ல தினம் பாக்குறேன், ஆனா தகவல் லீக் ஆக ஒரே ஒருத்தர் போதும்.

சிஎம் தனிப்பிரிவுக்கு மனு போடுங்கன்னு யாராச்சும் சொல்வாங்க. போடலாம், ஆனா மேல போன மனு அடுக்கடுக்கா கீழ எறங்கி கடைசில அதே ஸ்டேஷனுக்குத்தான் விசாரணைக்கு வரும், உங்க பேரு அட்ரஸோட. அதனால இந்த மாதிரி விஷயத்துல சொந்தப் பேர்ல மனு போடறத நான் கடைசி வழியாத்தான் சொல்வேன்.

சரி, லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064-ல சொன்னா என்னன்னு தோணும். உங்ககிட்ட ஒரு ஆபீசர் காசு கேட்டா அந்த நம்பர் அருமையா வேல செய்யும், நோட்டுல பவுடர் தடவி பொறி வெச்சு புடிச்சுடுவாங்க. ஆனா மாமூல்ல குடுக்குறவனுக்கும் சந்தோஷம், வாங்குறவருக்கும் சந்தோஷம், யார் போய் புகார் சொல்லுவா? 2018-ல சட்டத்த திருத்துன பிறகு லஞ்சம் குடுக்குறதும் குற்றம், வற்புறுத்தி வாங்குனாங்கன்னா 7 நாளுக்குள்ள சொல்லிட்டா தப்பிக்கலாம், ஆனா சரக்கு விக்கிறவன் எதுக்கு சொல்லப்போறான். பாதிக்கப்படுறது நீங்க, ஆனா அந்தக் குடுக்கல் வாங்கல்ல நீங்க எங்கயும் இல்ல.

இது கீழ்மட்ட ஏட்டோட நிக்கிற விஷயமும் இல்ல. நம்ம செங்குன்றம் பக்கத்து குட்கா கதை ஞாபகம் இருக்கா? 2013-ல தமிழ்நாட்ல குட்காவுக்கு தடை போட்டாச்சு, ஆனாலும் பெட்டிக்கடைல கேட்டா கைல குடுத்தாங்க. 2016-ல வருமான வரித்துறை ஒரு குட்கா கம்பெனில ரெய்டு விட்டப்ப யார் யாருக்கு எவ்ளோன்னு எழுதுன கணக்கு கிடைச்சுதுன்னு பெரிய விவகாரம் ஆச்சு. 2018 ஏப்ரல்ல ஹைகோர்ட் அந்தக் கேஸ சிபிஐக்கு மாத்துச்சு, அந்த வருஷம் செப்டம்பர்ல அப்போதைய மந்திரி, டிஜிபி வீடு வரைக்கும் சோதனை நடந்துச்சு. குற்றச்சாட்டுதான், யாருக்கும் தீர்ப்பு வந்துடல, பெரிய ஆளுங்க மேல கேஸ் நடத்த அரசு அனுமதி வாங்கவே வருஷக்கணக்கா இழுத்துச்சு. நான் இத சொல்றது எதுக்குன்னா, தடைன்னு ஒண்ணு போட்டா சரக்கு நிக்கறதில்ல, அத பாத்தும் பாக்காம இருக்கறதுக்கு ஒரு விலை வந்துடுது.

இப்ப உங்க பிளாக்குக்கு வருவோம். அங்க மூணு சரக்கு ஓடுது, மூணுக்கும் மூணு சட்டம், அத கலந்து "போதை விக்கிறாங்க"ன்னு மொட்டையா சொன்னா யாருக்கும் பொறுப்பு இல்லாம போயிடும்.

குவாட்டர் விஷயம் மதுவிலக்குச் சட்டம், 1937-ல வந்தது. டாஸ்மாக் பகல் 12 மணிக்கு தொறந்து ராத்திரி 10 மணிக்கு மூடணும், 2016-லேருந்து அதான் டைம். மிச்சம் இருக்கிற 14 மணி நேரம்தான் உங்க கீழ் வீட்டுக்காரனோட பிசினஸ், அப்புறம் காந்தி ஜெயந்தி, வள்ளுவர் தினம் மாதிரி லீவு நாள்ல டபுள் விலை. அவன் வீட்ல சாராயம் காய்ச்சல, கவர்மெண்ட் கடைலேருந்துதான் மொத்தமா எடுக்குறான், கடைக்காரங்களுக்கு தெரியாம பெட்டி பெட்டியா எடுக்க முடியாது. இதுல அரசாங்கமே வியாபாரி, 2024-25-ல டாஸ்மாக் வருமானம் 48,000 கோடிக்கு மேல, அப்போ கடை மூடுறதுக்கு முன்னாடி மொத்தமா போற சரக்க புடிக்க யாருக்கு ஆர்வம் இருக்கும்? விற்பனை கணக்குல அதுவும் ஏறத்தானே செய்யுது. இதுல மாட்டுனாலும் பெரும்பாலும் சீக்கிரமே வெளிய வந்துடுவாங்க. ஸ்டேஷனுக்கு மாசத்துக்கு இத்தன கேஸ்னு ஒரு கணக்கு காட்டணும், அதுக்குன்னே ஒரு வயசானவர நாலு பாட்டிலோட ஒப்படைச்சுட்டு உண்மையான ஆளு வியாபாரத்த பாத்துட்டு இருப்பான். கேஸ் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கும், உங்க பிளாக்ல ஒண்ணும் மாறாது.

பொட்டலம் வேற. அது என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-ல வந்தது, கஞ்சா 1 கிலோவுக்கு கீழ சின்ன அளவு, 20 கிலோவுக்கு மேல வியாபார அளவு. சின்ன அளவுன்னா அதிகபட்சம் ஒரு வருஷம், ஈஸியா பெயில். வியாபார அளவுன்னா கொறஞ்சது 10 வருஷம், பெயில் குதிரைக்கொம்பு. அப்போ தராசுல எழுதுற நம்பர்லயே ஒருத்தன் வாழ்க்கை தீர்மானமாகுது, 1 கிலோ 200 கிராம 950 கிராம்னு எழுதுனா யார் கண்டுபுடிப்பா? அதான் சட்டத்துல கெடுபிடி வெச்சிருக்காங்க, தகவல் வந்தா எழுதி வெச்சு 72 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு அனுப்பணும், புடிச்ச சரக்க மாஜிஸ்திரேட் முன்னாடி கணக்கெடுத்து சாம்பிள் எடுக்கணும். நல்ல ஏற்பாடுதான், ஆனா இதுல வேணும்னே ஒரு ஓட்ட விட்டு எழுதுனாலும் போதும், ரெண்டு வருஷம் கழிச்சு கேஸ் விடுதலைல முடியும். 2023-ல சென்னை கோர்ட்லயே ஒரு கேஸ்ல 22 கிலோ கஞ்சா புடிச்சதா சொல்லிட்டு, மிச்ச சரக்கு எங்கன்னு கேட்டப்ப எலி தின்னுடுச்சுன்னு போலீஸ் தரப்புல சொன்னாங்க, மாட்டுன ரெண்டு பேரும் விடுதலை. எலிக்கு போதை ஏறுச்சான்னு தெரியல.

மாத்திரைலதான் எனக்கு ரொம்ப கவலை. தூக்க மாத்திரை நைட்ரவெட் எல்லாம் என்டிபிஎஸ்ல வருது, ட்ரமடால்ங்கிற வலி மாத்திரைய 2018-ல சேத்தாங்க, ஆனா பசங்க கரைச்சு ஊசி போட்டுக்கிற டபெண்டடால் வலி மாத்திரை பல வருஷமா அந்தப் பட்டியல்ல இல்லாம மருந்துச் சட்டத்துக்குள்ளயே கெடந்துச்சு. அதனால போலீஸ் ஒரு பக்கம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கம்னு ஆளாளுக்கு கைகாட்ட வசதியா போச்சு. மாத்திரைன்னு சொல்லும்போது அட்டைல இருக்கிற பேரோட சொல்லுங்க, கீழ கெடக்குற காலி அட்டைய பாத்தாலே தெரியும்.

இனிமே என்ன பண்ணலாம். 100-க்கு அடிக்காதீங்க, லோக்கல் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்லயும் போடாதீங்க. சரக்குக்கும் கஞ்சாவுக்கும் மாநில மதுவிலக்கு அமலாக்கப் பிரிவோட கட்டணமில்லா நம்பர் 10581 இருக்கு, போதைப்பொருளுக்கு மத்திய அரசு 2024-ல ஆரம்பிச்ச மானஸ் உதவி நம்பர் 1933 இருக்கு, ரெண்டுமே உங்க ஸ்டேஷனுக்கு வெளிய. என்டிபிஎஸ் சட்டத்துலயே 68-வது பிரிவு இருக்கு, தகவல் யார் குடுத்தாங்கன்னு சொல்லச் சொல்லி ஆபீசர கட்டாயப்படுத்த முடியாது. முடிஞ்சா வேற ஏரியால இருக்கிற தம்பியோ சித்தப்பாவோ அவங்க போன்லேருந்து பேசட்டும். பேசும்போது "எங்க தெருவுல விக்கிறாங்க"ன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது, சரக்கு எங்க வெச்சிருக்கான், மீட்டர் பாக்ஸ்லயா, தண்ணி டேங்க் பக்கமா, எத்தன மணிக்கு வண்டி வருது, எந்த நாள், அத சொல்லணும், ஏன்னா ஆளு மேல சரக்கு இல்லாம புடிச்சா கேஸே நிக்காது. ஒரே போன்ல முடியாது, வேற வேற ஆளுங்க வேற வேற நாள்ல சொன்னாத்தான் மேல இருக்கிறவங்களுக்கு அந்த இடம் கண்ணுல படும். நீங்க போய் வீடியோ எடுக்குற வேலை மட்டும் வேணாம்.

பாட்டிலுக்கு இன்னொரு வழியும் இருக்கு. காலி பாட்டில் திரும்ப வாங்குற திட்டம் நடக்குற இடங்கள்ல பாட்டில் மேல கடை ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, உங்க மாடிப்படில கெடக்குற பாட்டில்ல அது இருந்தா போட்டோ எடுத்து டாஸ்மாக் வடசென்னை மாவட்ட மேலாளருக்கு பேரு போடாம தபால்ல அனுப்புங்க. விக்கிறவன விட சப்ளை பண்ற கடைக்கு பயம் ஜாஸ்தி, அவங்களுக்கு வேலை போகும்.

ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டு அந்த ஸ்டேஷன்ல வருஷத்துக்கு எத்தன மதுவிலக்கு கேஸ், எத்தன தண்டனைன்னு எண்ணிக்கை மட்டும் கேக்கலாம், எந்த இந்தியக் குடிமகனும் கேக்கலாம்ங்கறதால மதுரைல இருக்கிற உங்க மாமா போட்டாலும் செல்லும். நூறு கேஸு, தண்டனை ரெண்டுன்னு வந்தா அத கவுன்சிலர், எம்எல்ஏ, பத்திரிகைன்னு எங்க வேணா எடுத்துட்டு போகலாம், அப்ப கேள்வி உங்க பேர்ல வராது.

அவன குண்டர் சட்டத்துல போட முடியாதான்னு கேப்பீங்க. போடுவாங்க, விசாரணையே இல்லாம 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம், 1982 சட்டம். ஆனா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனுல நிறைய ரத்தாகுது, அப்படியே புழல் ஜெயில்ல இருந்தாலும் மச்சான் கடைய நடத்துவான். என் கணக்குல இது ஏரியாவுக்கு நாலு மாச மூச்சு, அவ்ளோதான். அதுக்கு பதிலா என்டிபிஎஸ்ல சொத்து முடக்கம் இருக்கு, பேங்க் அக்கவுண்ட், வண்டி, வீடு வரைக்கும், அதத்தான் இவங்க உண்மையா பயப்படுறாங்க. தகவல் சொல்லும்போது அவன் யார் பேர்ல வண்டி வாங்கிருக்கான்னு தெரிஞ்சா அதையும் சேத்து சொல்லுங்க.

பையன் விஷயம். பொட்டலம் கொண்டு போய் குடுக்க சின்னப் பசங்கள யூஸ் பண்றது சிறார் நீதிச் சட்டத்துல தனிக் குற்றம், 7 வருஷம் வரைக்கும், 1 லட்சம் வரைக்கும் அபராதம், பசங்க கையில குடுக்குறத பாத்தா குழந்தைகள் உதவி நம்பர் 1098-லயும் சொல்லுங்க. உங்க பையனே தொட்டிருக்கான்னு சந்தேகம் வந்தா ஸ்டேஷன் பக்கம் போகாம ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டு போங்க, போதை மீட்பு உதவி நம்பர் 14446-ல கூப்டு பேசலாம். தானா சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு, சின்ன அளவுல மாட்டிருந்தாலும், வழக்குலேருந்து பாதுகாப்பு குடுக்க என்டிபிஎஸ்ல 64ஏன்னு ஒரு பிரிவே இருக்கு.

கடைசியா, அந்த ஆளு திரும்ப மாடி ஏறி வந்தா. நான்தான் போன் பண்ணேன்னும் சொல்லாதீங்க, வாக்குவாதமும் வேணாம், "எனக்கு தெரியாதுப்பா"ன்னு கதவ சாத்துங்க. அன்னிக்கே தேதி, நேரம், என்ன சொன்னான்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு, மெரட்டுனான்னா மட்டும் அத தனிப் புகாரா, சரக்கு கஞ்சான்னு எதுவும் எழுதாம, வீடு தேடி வந்து மெரட்டுறான்னு மட்டும் எழுதி துணை கமிஷனருக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, தபால் ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க. அந்தக் கடிதம் ஒண்ணுல மட்டும் உங்க பேரு இருந்தா போதும்.