சேலத்தில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்குச் சுற்றுச்சூழலையும் உள்ளாட்சியையும் இணைத்து என்ன தலைப்பு எடுக்கலாம்?

குடிதண்ணீரில் உள்ள ஃபுளோரைடை எடுங்கள், தங்கச்சி. சேலம், தருமபுரிப் பக்கப் பாறை நிலத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் அது அதிகம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

பள்ளிப் பரிசோதனைக்குப் போனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். ஃபுளோரைடு கூடிய தண்ணீரைக் குடித்து வளர்ந்ததால் முன்பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். அம்மாவைக் கேட்டால், "தண்ணியக் காய்ச்சித்தானுங்க குடுக்கறோம்" என்பார். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். செவிலியர் வீடு வீடாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பல்லின் கறையை அளக்க டீன் குறியீடு (Dean's Index, கறையைப் படிப்படியாகத் தரம் பிரிக்கும் முறை) போதும். நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கட்டாயம்.

உள்ளாட்சிப் பகுதியை மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீர் எத்தனை நாள், போர் தண்ணீர் எத்தனை நாள் என்பது தொட்டி ஆபரேட்டருக்குத் தெரியும். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தையும் புரட்டுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இங்கே கிராம சபை கூடும். உங்கள் முடிவுகளை முதலில் அங்கே வாசியுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்கள்தானே.