எல்லாம் ஒரே தண்ணீர்தானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டிடப் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நானும் என் தம்பியும் சில ஆண்டுகளாக வீடுகளின் வெளிப்புறத்தைக் கழுவித் தரும் தொழிலைச் செய்கிறோம். நடைபாதை, வாகனம் நிறுத்தும் தளம், சுற்றுச்சுவர் ஆகியவற்றை உயர் அழுத்த நீர் இயந்திரத்தால் கழுவுவதுதான் இதுவரை எங்கள் வேலை. வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி இருக்கிறது; ஆனால் ஒருமுறை கழுவிய தளத்துக்கு மறுபடி அழைப்பு வர நெடுநாளாகிறது. கூரை, கண்ணாடி, கூரையோர மழைநீர்த் தாரை, சோலார் பேனல், செங்கல் சுவரின் கறை நீக்கம் என்று ஐந்தையும் ஒரேயடியாகச் சேர்த்துவிடலாம் என்கிறான் தம்பி. இயந்திரம் கையில் இருக்கிறது, எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்பது அவன் வாதம். அவன் துணிச்சல்காரன், ஏணியில் நின்றபடியே இரண்டாம் மாடிச் சுவர்வரை அடித்துவிடுவான். எதை முதலில் சேர்ப்பது, கட்டணத்தை எப்படி வைப்பது, நிறுவனத்தின் பெயரையும் மாற்றவேண்டுமா என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது தம்பி சொன்னதாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். எழுத்துக்கு வருமுன் கட்டிடப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்த காலத்திலிருந்தே ‘எல்லாம் ஒரே தண்ணீர்தானே’ என்ற பேச்சைக் கேட்டுவருகிறேன். அந்த நம்பிக்கையால் பாழான சுவர்களையும் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாட்களாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பெயரை மாற்றவேண்டியதில்லை. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம்.

தொழில் விரிவாக்கத்துக்குள் நுழையுமுன் ஒன்றைக் கடிந்தே சொல்லவேண்டியிருக்கிறது. தம்பி ஏணியில் நின்று அடிப்பதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. விசையை அழுத்தும் கணத்தில் நீர் முன்னே பாய்கிறது, அதைப் பீய்ச்சும் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தரையில் நிற்பவனுக்கு அது தோளில் ஒரு தள்ளல், ஏணியில் நிற்பவனுக்கு அது கீழே விழும் வழி. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளியிருக்கவேண்டும், ஏறுகிறவரின் இரு கை, இரு கால் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று எப்போதும் ஏணியைப் பற்றியிருக்கவேண்டும் என்பதெல்லாம் இந்தத் தொழிலின் பாலபாடம். இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் இதில் எதைக் கடைப்பிடிக்க முடியும்? துப்பாக்கி முனையில் மாட்டும் சிவப்பு நாசிலிலிருந்து பூஜ்யம் டிகிரியில் ஒற்றைக் கோடாக வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதைப்போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இராது. உள்ளே தசையும் நரம்பும் கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு புள்ளி விழுந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல் அந்த நேரமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதைத் தம்பியிடம் சொல்லிவையுங்கள். உயரத்துக்குத் தரையிலிருந்து நீட்டும் கம்பு இருக்கிறது, சாரம் இருக்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் அந்த வேலையே உங்களுக்கு வேண்டாம். உடன்பிறந்தவனின் உடம்பைப் பணயம் வைத்து வளரும் தொழிலை வளர்ச்சி என்று நான் எழுதமாட்டேன்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-இல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். எந்தச் சுத்தத்துக்கும் பின்னால் வேதிப்பொருள், உராய்வு அல்லது அழுத்தம், வெப்பம், நேரம் என்று நான்கு கூறுகள் இருக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் அந்தக் குறையை மற்றவற்றைக் கூட்டித்தான் நிரப்பவேண்டும். அவர் யோசித்தது துணி துவைப்பது பற்றி. ஆனால் வெளிச்சுவருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. உங்கள் தொழில் இதுவரை இந்த நான்கில் அழுத்தம் என்ற ஒன்றை மட்டுமே நம்பி நடந்திருக்கிறது. கான்கிரீட் தளம் அதைத் தாங்கிக்கொண்டது. தாங்கிக்கொள்ளும் பரப்பில் பழகிய கை, எல்லாப் பரப்பும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்ளும். உங்கள் தம்பிக்கு நேர்ந்திருப்பது அதுதான். அவரைக் குறைசொல்வதாக நினைக்கவேண்டாம், உழைக்கிற கைகளுக்கே இந்த எண்ணம் வரும்.

நான் மேற்பார்த்த பழைய கட்டிடம் ஒன்றின் முகப்பு முழுவதும் செங்கல். கரும்புகை படிந்திருந்த அந்த முகப்பைச் சுத்தம் செய்ய உரிமையாளரான மூதாட்டி நேரடியாக ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார். அதுவும் உங்களுடையதைப் போலவே தளங்களைக் கழுவி வளர்ந்து, புதிதாகச் சுவர் வேலையைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம். வந்தவர் நல்ல உழைப்பாளி. காலையில் தொடங்கி மாலைக்குள் முகப்பைச் செக்கச்செவேலென்று ஆக்கிவிட்டுப் போனார். தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மறுநாள் சுவர் காய்ந்த பிறகு அந்த அம்மாள் ஒரு செங்கல்லின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். விரல் சிவப்பாக வந்தது. செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு செங்கற்களுக்கு இடையிலிருந்த சுண்ணாம்புக் காரை விரல் நுழையும் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ‘இதைத் திரும்ப ஒட்டவைக்க முடியுமா?’ என்று என்னிடம் கேட்டார். முடியாது. சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளியே கெட்டியான தோல் இருக்கிறது, உள்ளே இருப்பது அதைவிட மென்மையானது. தோல் போனபின் மழைநீர் உள்ளே இறங்கும், இறங்கிய நீர் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும், சுவரெங்கும் உப்புப் பூக்கும். அதைக் கழுவ மறுபடி தண்ணீரை அடித்தால் உப்பு இன்னும் அதிகமாகப் பூக்கும்.

இது புதிய பாடம் அல்ல. அமெரிக்காவில் பெஞ்சமின் டில்மன் மணலைப் பீய்ச்சும் முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அதே முறையால் புகை படிந்த பழைய கட்டிடங்களைச் சுத்தம் செய்யப்போய், அழுக்கோடு சேர்த்துக் கல்லின் செதுக்கு வேலைப்பாட்டையும் செங்கல்லின் தோலையும் இழந்தார்கள். ஸ்காட்லாந்தின் மணற்கல் வீடுகளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. பழைய கட்டிடங்களைப் பேணுகிறவர்கள், போதுமான அளவுக்கு எது மிக மென்மையான முறையோ அதிலிருந்து தொடங்கு என்று இன்று வலியுறுத்துவது இந்த இழப்புகளைக் கண்ட பிறகுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லவிரும்புவது இது: புதிய சேவையைச் சேர்க்கும்போது கருவியின் உறவைப் பார்க்காதீர்கள், அழுக்கின் உறவைப் பாருங்கள். என்னிடம் இந்த இயந்திரம் இருக்கிறது, இதை வைத்து வேறு எதையெல்லாம் கழுவலாம் என்பது தம்பியின் கேள்வி. எந்த அழுக்கை எனக்கு நன்றாகத் தெரியும், அதே அழுக்கு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். வேறொரு பட்டியல் கிடைக்கும். உங்கள் சுற்றுச்சுவர்களில் பச்சையாகவும் கறுப்பாகவும் படிந்திருப்பதில் பெரும்பகுதி உயிருள்ளது: பாசி, பூஞ்சை, இரண்டும் சேர்ந்து வாழும் லைக்கன். அழுத்தத்தால் அடித்தால் மேலே இருப்பது போகும், நுண்துளைக்குள் இருப்பது தங்கி மறுபடி வளரும். அதைக் கொல்லவேண்டும், கொல்ல நேரம் கொடுக்கவேண்டும். ப்ளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டின் நீர்த்த கரைசலைச் சோப்புடன் கலந்து குறைந்த அழுத்தத்தில் தெளித்து, காயவிடாமல் சில நிமிடம் ஊறவைத்துப் பின் அலசுகிற முறைக்கு மென்கழுவல் என்று பெயர். சின்னரின் வட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்து வேதிப்பொருளையும் நேரத்தையும் கூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த அழுக்கின் நெருங்கிய உறவு கூரையில் இருக்கிறது. தார்ப்பூச்சு ஓடுகள் வேய்ந்த கூரையில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் குளோயியோகாப்சா மாக்மா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது கரிய உறையைப் போர்த்திக்கொள்கிறது, ஓட்டில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல்தூளும் அது வளர உதவுகிறது. அந்த ஓட்டின்மேல் உயர் அழுத்த நீரை அடித்தால், ஓட்டை வெயிலிலிருந்து காக்கும் கல்துகள்கள் உதிர்ந்து, கூரையின் ஆயுள் தாரையில் ஓடிவிடும். மென்கழுவலுக்கோ துகள் உதிராது. சுவரில் கற்றதைக் கூரைக்குக் கொண்டுபோகலாம், மரவேலிக்கும் கரைசலை இன்னும் நீர்க்கச் செய்து கொண்டுபோகலாம். மூன்றும் ஒரே குடும்பம். இவற்றைச் சேர்ப்பதுதான் விரிவாக்கம். ஐந்தையும் சேர்ப்பது ஐந்து தொழில்களை ஒரே நாளில் அரைகுறையாகத் தொடங்குவது.

மென்கழுவலையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரைசலைத் தெளிக்குமுன்பும் தெளித்த பின்பும் செடிகளை நல்ல தண்ணீரால் நனைக்கவேண்டும், இல்லையென்றால் இலைகள் கருகும். உலோகத்தை அது அரிக்கும். மழைநீர் வடிகால்கள் பல இடங்களில் சுத்திகரிப்பு எதுவுமின்றி நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகின்றன, ஆகவே கழுவிய நீர் எங்கே ஓடுகிறது என்பதை வேலை தொடங்குமுன் நடந்து பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைப்போகுளோரைட்டும் ஆசிட்டும் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் போகக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய வண்டிக்குள் அது ஆளைக் கொன்றுவிடும். செங்கல் கறை நீக்கத்தை இப்போது தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். அந்த வேலைக்கு விற்கப்படும் சில கலவைகளில் இருக்கும் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இன்னொரு காரணம். அது கண்ணாடியை அரிப்பது இருக்கட்டும், தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக் கல்லிலும் பளிங்கிலும் எந்த ஆசிட்டும் படக்கூடாது, கல்லே கரைந்துபோகும். துருக்கறை, உப்பு, எண்ணெய், வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து, ஒன்றின் மருந்து மற்றதைக் கல்லோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடக்கூடும். யாரிடமாவது இருந்து கற்றுக்கொண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழைநீர்த் தாரையை அடைத்திருக்கும் சருகும் மண்ணும் வேறு வகை அழுக்கு என்றாலும், கூரையைக் கழுவினால் அத்தனையும் வந்து இறங்குவது அங்கேதான் என்பதால் கூரையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நின்றே உறிஞ்சி எடுக்கும் கம்புகள் இருக்கின்றன. தம்பியை ஏணியிலிருந்து இறக்க இது இன்னொரு வழி.

கண்ணாடி தனித்தொழில். ஆனால் திரும்பத் திரும்ப அழைப்பு வரவேண்டும் என்ற உங்கள் தேவைக்குப் பொருத்தமானதும் அதுதான், ஏனென்றால் கண்ணாடியின் அழுக்கை வீட்டில் இருப்பவர் தினமும் பார்க்கிறார். உப்பு நீக்கிய தூய நீரைக் கம்பு வழியாக ஏற்றிக் கழுவினால் துடைக்காமலே கறையின்றிக் காயும். கரைந்த உப்பின் அளவு டிடிஎஸ் மானியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஒட்டிய கறையைச் சுரண்டக் கண்ணாடியில் பிளேடை வைக்குமுன் ஆயிரம் முறை யோசியுங்கள். வெப்பத்தில் பதப்படுத்திய கண்ணாடியின் பரப்பில் உற்பத்தியின்போதே நுண்துகள்கள் உருகி ஒட்டியிருக்கக்கூடும், பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக் கோடு போட்டுவிடும். பிறகு அந்தக் கண்ணாடிக்கு நீங்கள்தான் விலை கொடுக்கவேண்டும். கண்ணாடிக்கென்று ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்ப முடிந்தால் அடுத்த ஆண்டு சேருங்கள். சோலார் பேனல் அதற்கும் பிறகு. தூய நீரில் கை பழகிய பிறகுதான் அது. வெயில் படும் நேரமெல்லாம் பேனல் மின்சாரம் செய்துகொண்டே இருக்கும், சூடேறிய பேனலில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம், உயர் அழுத்தம் பட்டால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடலாம்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சதுர அடிக் கணக்கைத் தளத்திலிருந்து கூரைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். செடி நனைக்கும் நேரம், ஊறும் நேரம், கரைசல், பாதுகாப்புக் கருவி, காப்பீட்டின் கூடுதல் தவணை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி, அதன்மேல் உங்கள் லாபத்தை வையுங்கள். வந்த தொகை உங்களுக்கே அதிகமாகத் தோன்றினாலும் குறைக்காதீர்கள். முதல் வாடிக்கையாளருக்குக் குறைத்த தொகைதான் உங்கள் விலையாக ஊரில் பேசப்படும். புதிய ஆட்களைத் தேடி விளம்பரம் செய்வதற்குமுன், ஏற்கெனவே சுற்றுச்சுவர் கழுவியவர்களிடம் போய் அவர்கள் கூரையை ஒருமுறை பார்த்துத் தரட்டுமா என்று கேளுங்கள். பார்க்கும்போதே, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கையளவு இடத்தைக் கழுவிக் காட்டி, அது முழுதாகக் காய்ந்த பிறகு உரிமையாளரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் முழு வேலைக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள். தளம் கழுவுவதற்கென்று எடுத்த காப்பீடு உயரத்தில் செய்யும் வேலையையும் வேதிப்பொருளால் வரும் சேதத்தையும் ஏற்காமல் போகலாம். ஏற்கும் என்று அவர்கள் எழுத்தில் தரும்வரை தம்பி கூரைப் பக்கம் போகவேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்