டிங்கி அட்டைக்குப் பின்னால் ஓர் ஆய்வாளர்

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள கிளினிக்கில், சிறிய அட்டையில் இரத்தத் துளியை விட்டே டிங்கிக் காய்ச்சலைக் கண்டறிகிறார்கள். இதற்கு வழிவகுத்த விஞ்ஞானி யார்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அட்டையில் டிங்கி வைரசின் என்எஸ்1 புரதத்தைப் பற்றிப் பிடிப்பவை, மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமிகளை எதிர்க்க உடல் சுரக்கும் புரதங்களின் ஒரே அச்சான படிகள். அவற்றைத் தயாரிக்கும் முறையை 1975இல் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோஹ்லரும் கேம்பிரிட்ஜில் வெளிப்படுத்தினர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் வெள்ளணு உடலுக்கு வெளியே விரைவில் மடிந்துவிடும், புற்றணுவோ ஓயாமல் பெருகும் என்பதால், தடுப்பூட்டப்பட்ட எலியின் மண்ணீரல் அணுவை மைலோமா புற்றணுவோடு இணைத்து, இரண்டின் இயல்பும் கொண்ட கலப்பணுவை உருவாக்கினர்.

அர்ஜென்டினாவில் 1927இல் பிறந்த மில்ஸ்டைன், 1962 இராணுவப் புரட்சிக்குப் பின் தம் ஆய்வகத்துச் சகாக்கள் நீக்கப்பட்டதைப் பொறுக்காமல் பதவி துறந்து, முன்பு பயின்ற கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். அதுவரை நொதிகளை ஆராய்ந்தவரை எதிர்ப்பொருள்களின் பக்கம் திருப்பியவர் அங்கிருந்த உயிர்வேதியியலாளர் பிரெட்ரிக் சாங்கர். சோதனை அட்டையோ மருந்தோ மில்ஸ்டைன் தேடியவை அல்ல. எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்களை உடல் எவ்வாறு ஆக்குகிறது என்பதே அவருடைய கேள்வி என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1984இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் நீல்ஸ் யெர்னேயுடன் மில்ஸ்டைனும் கோஹ்லரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெருவணிகமாக வளர்ந்த அம்முறைக்குக் காப்புரிமை மட்டும் பெறப்படவே இல்லை.