'கைதே பண்ணலை' என்கிறது போலீஸ். 24 மணி நேரக் கணக்கு எங்கே தொடங்கும்?

கேள்வி: வியாழக்கிழமை சாயங்காலம் பைக் திருட்டு விஷயமாக என் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். இன்று சனிக்கிழமை. கேட்டால், "விசாரணைதான், கைதே பண்ணலை, வீட்டுக்குப் போங்க" என்கிறார்கள். 24 மணி நேரம் என்று அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறதாமே, அது எங்களுக்குப் பொருந்துமா? நேராக உச்ச நீதிமன்றம் போகலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பொருந்தும். உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை, மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை போதும். அதற்கும் முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்வது இதுதான்: கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும்தான் கணக்கில் சேராது. ஞாயிறு, பொங்கல் லீவு என்றெல்லாம் விலக்கு கிடையாது. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோய் ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு, வாங்குவது இங்கே அன்றாடம் நடப்பதுதான்.

"கைதே பண்ணலை" என்ற பதில் இந்தக் கடிகாரத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும் தந்திரம். கைதுக் குறிப்பில் சனிக்கிழமை மாலை என்று எழுதிவிட்டால், வியாழன் ராத்திரியும் வெள்ளிக்கிழமையும் காகிதத்தில் காணாமல் போய்விடும். ஆனால் எழுந்து வெளியே போக விடாமல் ஒருவரை உட்கார வைத்திருந்தால் அது காவல்தான். ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் என்ன எழுதினார் என்பதை மட்டும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யாது. நிஜமாகவே விசாரணைதான் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வழி செய்கிறது. விசாரணை முடிந்தால் ஆளை அனுப்பிவிட வேண்டும். ராத்திரி தங்க வைக்க அந்த நோட்டீஸ் அதிகாரம் தராது.

அதனால் முதல் வேலை, அந்த நேரத்தை நீங்கள் பதிவு செய்வது. எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் வந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதை மாவட்ட எஸ்.பி.க்கும் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும் மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். முன்பெல்லாம் வக்கீல்கள் முதலில் தந்திதான் கொடுக்கச் சொல்வார்கள். நேரம் குத்திய அந்தத் துண்டுச் சீட்டு எத்தனையோ வழக்குகளில் சாட்சியாக நின்றது. 2013-இல் தந்தி சேவையை மூடிவிட்டார்கள். இப்போது மின்னஞ்சலில் விழும் நேரம்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்டேஷன்களில் சிசிடிவி இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வியாழன் மாலை முதலான காட்சிகளை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பும் அதே தாளில் ஒரு வரி சேருங்கள்.

மாஜிஸ்திரேட்டுக்கு ஏன் அனுப்பச் சொல்கிறேன்? பலர் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சுவார்கள், அப்புறம் டி.எஸ்.பி., எஸ்.பி. என்று மேலே போவார்கள். எல்லோரும் ஒரே துறை. 22-வது பிரிவு பிடித்தவரின் மேலதிகாரியிடம் காட்டச் சொல்லவில்லை, நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டச் சொல்கிறது. அவருக்கு மேலே இருப்பது உயர் நீதிமன்றம். அவருடைய இடமாறுதல் எஸ்.பி. கையிலோ கலெக்டர் கையிலோ இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டில் வருவாய் அதிகாரிகளே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார்கள். நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொன்னது அதனால்தான். அந்தப் பிரிவினை இல்லாவிட்டால் 24 மணி நேரம் என்பது வெறும் எண்.

சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடிக் கொண்டுவர வாரண்ட் போடும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு (பிஎன்எஸ்எஸ் பிரிவு 100). உயர் நீதிமன்றம் போக வசதி இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. ஏனோ அதிகம் பேர் இதைத் தொடுவதில்லை.

அதிலும் அசைவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனு. 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அண்ணனான நீங்களே போடலாம். உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் உரிமையை 32-வது பிரிவு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருப்பதும் சீக்கிரம் நடப்பதும் மதுரைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் ஆட்கொணர்வு மனு பொதுவாக நிற்காது. 2023-இல் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதன்பிறகு ஜாமீன் மனு, ரிமாண்டை எதிர்ப்பது என்று பாதை மாறும். ஆகவே ரிமாண்ட் நேரத்தில் தம்பி பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்பது முக்கியம். "எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது வியாழக்கிழமை என்று தம்பி வாய் திறந்து சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும். பயந்துபோய் அங்கே தலையை மட்டும் ஆட்டிவிட்டால் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். தம்பிமீது பழைய வழக்குகள் இருந்தால் குண்டர் சட்டம் பாயலாம். அங்கே இந்த 24 மணி நேரப் பாதுகாப்பு கிடையாது. குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைக்கும் இந்தத் தடுப்புக்காவலுக்கு 22-வது பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது. உரிமையைத் தரும் அதே பிரிவில் இப்படி ஒரு ஓட்டையை விட்டது நம் அரசியலமைப்பின் பெரிய குறை என்பேன். அந்த உத்தரவைப் போடுவது நீதிபதி இல்லை, கலெக்டரோ கமிஷனரோதான்; ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆனாலும் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், எதிர்த்து மனு கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும், உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். புரியும் மொழியில் ஆவணம் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்ற காரணங்களுக்காகவே ரத்தான உத்தரவுகள் ஏராளம். அப்படி ஏதாவது வந்தால் கொடுக்கிற தாள்கள் அத்தனையையும் பக்கம் எண்ணி வாங்கச் சொல்லுங்கள். தமிழில் இல்லாத பக்கங்களை அன்றைக்கே குறித்து வக்கீலிடம் கொடுங்கள்.