உலக ஒப்பந்தம் காரைக்குடி வரை வருமா? வந்தது, என் கடைக்கே வந்தது

கேள்வி சுருக்கமாக இதுதான்: கியோட்டோ, பாரிஸ் என்று உலக நாடுகள் கூடிக் கூடிக் கையெழுத்துப் போடுகின்றனவே, பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கும் இந்த ஒப்பந்தங்களால் நடைமுறையில் ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் காகிதமா?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். கேட்ட தோரணையிலேயே "காகிதம்தான்" என்ற பதிலும் தெரிகிறது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் காரைக்குடியில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். தலை நரைக்கிற அளவுக்கு இதே தொழில்தான். வெறும் காகிதம் என்றால் என் கடைச் சிலிண்டரில் இருக்கும் குளிரூட்டும் கேஸின் பெயர் இத்தனை முறை மாறியிருக்காது.

நான் தொழில் பழகும்போது ஃபிரிட்ஜ் என்றால் ஆர்-12, ஏசி என்றால் ஆர்-22. வேறு பேச்சே கிடையாது. ஆர்-12 என்பது ஓசோனை அரிக்கும் குளோரோஃபுளோரோகார்பன். 1985-ல் அன்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது, 1987-ல் கனடாவின் மாண்ட்ரியலில் அந்த மாதிரி வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள், 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்தது, ஆர்-12 விலை வருடா வருடம் ஏறியதும், புது ஃபிரிட்ஜ் பின்னால் ஆர்-134ஏ என்று ஸ்டிக்கர் வர ஆரம்பித்ததும்தான். 2010-க்குள் குளிர்சாதன வேலைக்கான ஆர்-12 உற்பத்தியே முடிந்துபோனது. அப்புறம் 134ஏ-க்குப் பதிலாக ஆர்-600ஏ வந்தது, அதாவது ஐசோபியூட்டேன். ஏசியில் 22 போய் 410ஏ வந்து, இப்போது 32, சில கம்பெனிகளில் 290, அதாவது புரொப்பேன். ஒவ்வொரு தடவையும் புது எண்ணெய், புது கேஜ், புது பழக்கம். கைக்காசு போட்டுத்தான் எல்லாம் வாங்கினேன்.

இங்கே ஒருவர் வந்து "ஓசோன் வேறு, புவி வெப்பமாதல் வேறு, மெக்கானிக்குக்கு இதெல்லாம் எதற்கு" என்பார். தெரியும் ஐயா. ஒரு கிலோ ஆர்-12 காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில் பார்க்கும்போது, பத்தாயிரம் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ஆர்-22 என்றால் சுமார் 1,800 கிலோ. ஆர்-32 என்றால் 675. ஐசோபியூட்டேனுக்கு வெறும் ஒற்றை இலக்கம். ஓசோனுக்காகப் போட்ட ஒப்பந்தம் சூட்டையும் சேர்த்தே குறைத்துவிட்டது. கியோட்டோவின் முதல் கட்ட இலக்கைவிட மாண்ட்ரியலால் தவிர்க்கப்பட்டது பல மடங்கு என்று விஞ்ஞானிகளே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓசோனைத் தொடாமல் சூட்டை மட்டும் கூட்டுகிற 134ஏ, 410ஏ வகையறாவைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அதே ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் போட்டார்கள். இந்தியா அதை 2021-ல் ஏற்றது. நமக்கு 2028-ல் உச்சவரம்பு, 2032-லிருந்து படிப்படியாகக் குறைப்பு, 2047-ல் 85 சதவீதம் வெட்டு.

சரி, ஒப்பந்தம் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். பள்ளத்தூர் பக்கம் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். விசேஷம் நெருங்கும்போது ஆச்சி போன் போட்டார்கள், மாடி அறை ஏசி குளிரவில்லை என்று.

பழைய ஆர்-22 மெஷின். முகப்புப் பக்கம் அவுட்டோர் வைத்தால் வீட்டின் லட்சணம் கெடும் என்று மொட்டை மாடியின் பின்மூலையில் வைத்திருந்தார்கள். அதனால் காப்பர் பைப் நீளம், நடுவில் ஒரு ஜாயின்ட். கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். விரலில் தடவிப் பார்த்துவிட்டு சோப்புத் தண்ணீர் அடித்தேன். பொடிப் பொடியாக நுரை கிளம்பியது.

"ஏப்பா, போன வருசந்தான கேஸ் ஏத்திட்டுப் போனாக?" என்றார் ஆச்சி.

"அது வேற ஆளு ஆச்சி. கசியிறத அடைக்காம ஏத்திட்டுப் போயிருக்காக. மிச்சம் இருக்குற கேஸ மெஷின் வச்சு சிலிண்டர்ல பிடிச்சுட்டு, பைப் ஓட்டையப் பத்த வச்சு அடைச்சு, உள்ள இருக்குற காத்த வாக்குவம் போட்டு உறிஞ்சிட்டுத்தான் ஏத்தணும்."

கூலியைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மகன் சிரித்தார். "அண்ணே, மிச்சத்த வெளிய விட்டுட்டு வேலைய முடிங்க. வானத்துக்குத்தான போகுது?"

அந்த மெஷினுக்குள் முழுசாக இருந்தால் ஒரு கிலோ கேஸ் இருக்கும். அதை அப்படியே திறந்துவிட்டால் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சராசரி இந்தியர் ஒருவரின் கணக்கில் ஒரு வருடத்துக்கு வரும் கார்பன் டை ஆக்சைடே 2 டன் சுமாருக்குத்தான். ஒரு ஸ்பானர் திருகலில் ஒரு ஆளின் வருடக் கணக்கு போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். "நீங்க மெக்கானிக்கா, வாத்தியாரா?" என்றார். ஆச்சிதான் அவரை அதட்டி, "அவன் சொல்றபடி செய்யட்டும்டா" என்றார்கள். கேஸைப் பிடித்து வைக்கும் அந்த மெஷினைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததே மதுரையில் நடந்த ஒரு பயிற்சியில். அந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் பலதரப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. காகிதம் என்கிறீர்களே, அந்தக் காகிதம் எனக்குச் சோறும் போட்டுப் பாடமும் எடுத்தது.

வேலை முடிந்தது, அறை சில்லென்று ஆனது. காசு? பாதி கொடுத்தார்கள். மீதியை "அடுத்த நடை வரும்போது பாத்துக்கலாம்" என்றார் மகன். வீட்டைக் காவல் காக்கிற பெரியவரிடம் கேட்டால் "எனக்கே சம்பளம் வரல" என்கிறார். இந்தப் பக்கத்து மெக்கானிக், எலக்ட்ரீசியன், கொத்தனார் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பூட்டின வீடுகளில் நிற்கும் பாக்கி எவ்வளவு என்று. பர்மாத் தேக்குத் தூணைத் துடைக்க பாலீஷ் டப்பா விமானத்தில் வரும், பைப் பற்றவைத்தவன் கூலி மட்டும் வராது. எல்லாரையும் சொல்லவில்லை. கையில் வைத்து அமுக்கிவிட்டுப் போகிற நல்ல ஆச்சிகளும் உண்டு. இன்னொன்றும் வாய்க்கு வருகிறது: வளவு முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டு, "வீடு புழுங்குது, ரெண்டு ஏசி போடு" என்கிறார்கள். சூடு மேலே போகத்தானே முற்றத்தைத் திறந்து விட்டுக் கட்டினார்கள்! சரி, விடுங்கள்.

மாண்ட்ரியல் ஏன் நடந்தது, மற்றவை ஏன் இழுக்கின்றன என்பது என் மட்டுக்குப் புரிந்தவரை இதுதான். இன்ன வாயு, இன்ன வருடம், இவ்வளவு சதவீதம் என்று எழுதினார்கள். பணக்கார நாடுகள் முதலில், நாம் பின்னால் என்று காலம் பிரித்தார்கள். ஆர்-22-ஐ அவர்கள் 2020-ல் நிறுத்த வேண்டும், நாம் 2030-ல். மாறுவதற்கான செலவுக்கு நிதி வைத்தார்கள். சேராத நாட்டோடு அந்தப் பொருளில் வியாபாரம் கிடையாது என்றார்கள். தயாரிக்கிறவர்களோ உலகத்திலேயே கொஞ்சம் கம்பெனிகள்தான். பிடிக்க வேண்டிய குழாய் எங்கே என்று தெரிந்தால் அடைப்பது சுலபம்.

நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் அந்தச் சௌகரியம் இல்லை. 1997-ன் கியோட்டோவை அமெரிக்கா கடைசிவரை உறுதி செய்யவே இல்லை, கனடா 2011-ல் விலகுவதாக அறிவித்தது. 2015-ன் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளும், தவறினால் அபராதம் இல்லை. அமெரிக்கா 2020-ல் வெளியே போய், 2021-ல் உள்ளே வந்து, 2025-ல் மறுபடி விலகக் கையெழுத்துப் போட்டது. ஆனாலும் இதையும் வெறும் காகிதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின் உற்பத்தித் திறனில் பாதி 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு அல்லாததாக இருக்கும் என்று இந்தியா சொன்னது, 2025-லேயே அந்த அளவைத் தொட்டுவிட்டது. "திறன் வேறு, நிஜமாக ஓடும் மின்சாரம் வேறு, அதில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதானே" என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: உண்மைதான். நீங்கள் 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் ஏசிக்கும் அங்கேயிருந்துதான் கரண்டு வருகிறது.

உங்கள் வீட்டு அவுட்டோரில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள். ஆர்-22 என்று இருந்தால், அடுத்த தடவை வருகிறவரிடம் "மிச்ச கேஸை என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். ஆர்-32, ஆர்-290 என்று இருந்தால் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது (290-ல் ரொம்பவே அதிகம்), பழகாத கையைத் தொட விடாதீர்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும். அதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.