வளவுக் குளத்துக்கு வரும் மீன்கொத்தி: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: எங்கள் பின்வளவில் உள்ள சீமெந்துக் குளத்தருகே தினமும் காலையில் ஒரு நீலப் பறவை வந்து அமர்கிறது. தலை கபிலம், மார்பு வெள்ளை, அலகு சிவப்பு. ஆனால் அது தண்ணீரைப் பார்ப்பதே குறைவு. இதுவும் மீன்கொத்திதானா?

மீன்கொத்திதான், வெண்தொண்டை மீன்கொத்தி. ஏறக்குறைய 28 சென்ரிமீற்றர் நீளமுள்ள இப்பறவை பெயருக்குத்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, அரணை, தவளை, சிறு நண்டு என்று கிடைப்பதையெல்லாம் உண்ணும். உங்கள் குளத்தைவிட அதைச் சுற்றியுள்ள புல்தரையே அதற்கு முக்கியம். என் வீட்டு ஜாம் மரத்தில் ஒருநாள் அது அரணையொன்றைக் கவ்விக்கொண்டு வந்து, இடமும் வலமுமாகக் கிளையில் அடித்து, துடிப்பு அடங்கியபின் அலகுக்குள் மெல்லத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. மீனையும் அவ்வாறே விழுங்கும். வால்பக்கமாக விழுங்கினால் செட்டைகள் தொண்டையில் விரிந்து சிக்கிக்கொள்ளும். செரிக்காத முள்ளையும் செதிலையும் பின்னர் உருண்டையாகக் கக்கிவிடும். அது வழக்கமாக அமரும் கிளையின் கீழே தேடிப் பாருங்கள்.

உண்மையில் நீருக்குள் தலைகீழாகப் பாய்வது 16 சென்ரிமீற்றர் அளவேயான சிறுநீல மீன்கொத்தி. அலகு முழுவதும் கறுப்பாக இருந்தால் ஆண். கீழலகு செம்மஞ்சளாக இருந்தால் பெண்.

தெகிவளையிலிருந்து: நுளம்புக் குடம்பிகளை ஒழிக்கக் குளத்தில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். மீன்கொத்தி அந்த மீன் அத்தனையையும் தின்று தீர்த்துவிடுமா?

தீர்க்காது. கப்பி குட்டி போடும் வேகத்துக்கு ஒரு பறவை ஈடுகொடுக்க முடியாது. நீர்த்தாவரங்களையும், மீன் ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி இரண்டையும் உள்ளே போட்டு வையுங்கள். மெல்லிய நைலோன் வலை மட்டும் வேண்டாம்.

பத்தரமுல்லையிலிருந்து: வலை கட்டினால் என்ன?

மெல்லிய நைலோன் இழை பறவையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிக்கினால் இறகும் காலும் அறுபடும். கட்டியே தீரவேண்டுமென்றால் தடித்த வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தொய்வு இருக்கக்கூடாது.

கிருலப்பனையிலிருந்து: குளக்கரையில் மண்ணிறமாக ஒடுங்கி நிற்கும் பறவை, பறக்கும்போது வெள்ளையாகிவிடுகிறது.

குருட்டுக் கொக்கு. அதற்குக் கண் நன்றாகவே தெரியும்.

மருதானையிலிருந்து: படம் எடுப்பதற்காகக் கிளையின் கீழே கண்ணாடித் தொட்டியில் மொலி மீன்களை விட்டு வைக்கிறேன். முன்னர் இங்கு எழுதிய ஒருவர் இதை ஏமாற்று வேலை என்கிறார். காகத்துக்குச் சோறு வைப்பதும் ஏமாற்றா? நீங்களும் குளத்தில் கப்பி விட்டிருப்பவர்தானே?

இந்தச் சண்டைக்கு மட்டும் நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. இரு பக்கத்தாரும் நேர்மையைப் பற்றியே எழுதுகிறார்கள், தொட்டியின் ஆழத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தலைகீழாகப் பாயும் பறவைக்குக் கண்ணாடியின் அடித்தளம் பாறைக்குச் சமம். காகம் சோற்றுக்காகத் தலைகீழாகக் குதிப்பதில்லை. என் குளத்தில் கப்பி இருப்பது உண்மை. ஆனால் அங்கு ஆழமும் உண்டு, மீனுக்குத் தப்ப வழியும் உண்டு, பறவை பெரும்பாலும் வெறும் அலகோடு திரும்புவதும் உண்டு. படந்தான் வேண்டுமென்றால் பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்கோ தலங்கமைக் குளத்துக்கோ விடியற்காலையில் செல்லுங்கள். 2018இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் இருந்துகொண்டு மீனைத் தொட்டியில் அடைத்துப் படம் எடுப்பானேன்?

நுகேகொடையிலிருந்து: மீன்கொத்தியை என் வளவில் கூடு கட்டச் செய்யலாமா?

செங்குத்தான மண்கரையைக் குடைந்து சுரங்கம் அமைத்து அதற்குள் முட்டையிடும் பறவை அது. கால்வாய்க் கரைகளைக் கல்லாலும் கொங்கிறீற்றாலும் மூடியபின் அதற்கு இடம் குறைந்துவிட்டது. சீமெந்து மதிலுக்குள் அது குடைய முடியாது. அமர்வதற்குக் காய்ந்த கிளையொன்றை வெட்டாமல் விட்டாலே போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எந்த வலை நல்லது?

பத்தரமுல்லைக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள்.